வானொலி செய்தி சொன்னால் நாடு கெடுமா?

வானொலி பாட்டுக் கேட்பதற்கு உரிய சாதனம். செய்தி பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய காரியம். ஊருக்கு ஊர் தோன்றியிருக்கும் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் செய்தி வாசிக்கத் தொடங்கினால் வதந்தி பெருகும், பொது அமைதி குலையும், தேசப் பாதுகாப்புக்கே ஊறு நேரும் என்ற அபிப்பிராயம் நெடுங்காலமாக நம் சர்க்காரின் கொள்கையாக இருந்து வருவதோடு, படித்தவர்களிலும் பெரும்பாலோர் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட பொது நம்பிக்கையாகவும் நிலைபெற்றுவிட்டது. "இத்தனை செய்தித் தொலைக்காட்சிகள் இருக்கும்போது வானொலியில் வேறு செய்தி எதற்கு?" என்று கேட்பவர்களை ஆற்காட்டிலும் காண்கிறேன், ஆம்பூரிலும் காண்கிறேன். இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறானது என்றும், அதனால் பெருந்தீங்கு அடைந்த பிரதேசங்களுள் பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் தோல் தொழில் வட்டாரம் முதன்மையானது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தனியார் பண்பலைக் கொள்கையின்படி, அந்நிலையங்கள் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையைச் சிறிதும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். தாமாகச் செய்தி திரட்டிச் சொல்லுதல் கூடாது. விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு முதலியவை செய்தி அல்ல என்று கருதி அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. குடிநீர், மின்சாரம், இயற்கைச் சேதம், சுகாதார எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் கொடுத்தவையாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. 100 வாட் சக்தியோடு சில கிலோமீட்டர் தூரமே எட்டும் சமுதாய வானொலிக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். தண்ணீரைப் பற்றிப் பேசலாம், ஆனால் தண்ணீருக்குப் பொறுப்பானவர்கள் எழுதிக் கொடுத்ததை மட்டுமே பேசலாம் என்பதே இதன் சாரம்.

இந்த நிபந்தனையை எங்கள் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட பழைய முறை பெரும்பாலும் போய், குரோமிய முறை பரவிய பிறகு, வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் ஷாப்புகளின் கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கியதை எதிர்த்து, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஒரு பகுதியோ முழுவதுமோ விவசாயத்துக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வு முடிவையும், ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கையும் பதிவு செய்ததோடு, மாசுபடுத்துவோரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் நிலைநாட்டியது. சட்டக் கல்லூரிகளில் இன்று பாடமாகப் படிக்கப்படும் அத்தீர்ப்புக்குப் பிறகும் தீங்கு தீர்ந்தபாடில்லை. ஆகவே அதே குறைக்காக மற்றொரு வழக்கு நடந்து, 2025 ஜனவரி 30-இல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மீண்டும் ஒரு நீண்ட தீர்ப்பைக் கூற வேண்டியதாயிற்று. அவ்வழக்கின் பெயரே கவனிக்கத் தக்கது. வழக்குத் தொடுத்தது வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. முதல் எதிர்வாதி மாவட்ட ஆட்சியர். அதாவது, எந்த நிர்வாகம் கொடுக்கும் தகவலை மட்டுமே வானொலி சொல்லலாம் என்று விதி கூறுகிறதோ, அந்த நிர்வாகமே அந்தத் தண்ணீரைக் குறித்த வழக்கில் பதில் சொல்ல வேண்டிய தரப்பாக உச்ச நீதிமன்றத்தில் நின்றது. வழக்கில் ஒரு தரப்பாரின் வாக்குமூலத்தை மட்டும் ஊரார் செவிக்கு அனுப்பி, மறு தரப்பாரின் வாயை அடைக்கும் விதியைப் பொது அமைதியின் பேரால் நியாயப்படுத்த எவரால் இயலும்?

தொலைக்காட்சி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தேக்கத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அன்று காமிராக்கள் வந்தன; வராமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தொட்டியில் கழிவு ஏறிக்கொண்டே போன நாட்களில், அது எவ்வளவு கொள்ளும், எவர் அனுமதித்தார், சுவர் தாங்குமா என்று கேட்பதற்கு அங்கே ஒலிவாங்கியோடு யார் நின்றார்கள்? சாவு நேர்ந்த பிறகு வந்து அழுவது அனுதாபம். சாவு நேரும் முன் வந்து கேட்பதே பத்திரிகைத் தொழில். முன்னதைச் சென்னையிலிருந்து வண்டி அனுப்பிச் செய்துவிடலாம். பின்னதற்கு அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒருவன் வேண்டும்.

2019-இல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். பெருந்தொகை பிடிபட்டதன் காரணமாக வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டு 5-இல் தனியாக நடத்தப்பட்டது. தமிழ்நாடு முழுவதும் வேறு தேர்தல் இல்லாத அந்நாட்களில், செய்தி அலைவரிசைகள் யாவும் வேலூரிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் குழுமின. எந்தச் சமூகத்தார் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பர் என்ற கணக்கு இரவும் பகலும் விவாதிக்கப்பட்டது. 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. வண்டிகள் திரும்பிப் போயின. அதே ஆண்டு நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடும், ஆற்காடு ராணிப்பேட்டையோடும் சேர்ந்தன. எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்று ஏழை ஜனங்கள் திகைத்த அந்த மாறுதலை நின்று விளக்கிச் சொல்ல எத்தனை அலைவரிசைகள் முன்வந்தன?

இதற்குத் தனி மனிதர்களைக் குறை கூறிப் பயன் இல்லை. விளம்பர வருமானத்தை நிர்ணயிக்கும் பார்வையாளர் கணக்கு, தேசம் முழுவதிலும் உள்ள சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு எடுக்கப்படுவது. பேரணாம்பட்டின் குடிநீர்க் குழாயைப் பற்றிய பத்து நிமிடச் செய்தியால் அந்தக் கணக்கு உயராது என்பது நிலையத்தாருக்குத் தெரியும். மாநிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண்ணுக்கு ஒரு பேட்டை புலப்படாது. அது அந்தச் சாதனத்தின் இயல்பு. ஆதலால் தொலைக்காட்சியைத் திருத்தி உள்ளூர்ச் செய்தியைப் பெற்றுவிடலாம் என்பதும் வீண் நம்பிக்கையே.

மேலும், செய்தியைக் கேட்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். போக முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செருப்பின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுத்து, ஜோடிக்கு இத்தனை என்று கூலி பெறுகிறார்கள். கண்ணும் கையும் ஊசியிலேயே இருக்கும் அப்பெண்ணுக்குத் தொலைக்காட்சி பயன்படாது. பத்திரிகை படிக்கப் பொழுது இல்லை. அவளுக்கு மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்குள் பாட்டும் விளம்பரமும் செல்லலாம், அவள் தைக்கும் ஜோடியின் கூலியைப் பற்றிய செய்தி மட்டும் செல்லலாகாது என்று விதிப்பது எவ்வளவு பெரிய அநீதி!

பொது அமைதி என்னும் வாதத்துக்கு வருவோம். தடையை ஆதரிப்பவர்கள் இதைத்தான் தங்கள் பிரதான ஆயுதமாகக் கருதுகிறார்கள். வெவ்வேறு மதத்தினர் நெருங்கி வாழும் எங்கள் வட்டாரத்தைச் சுட்டிக்காட்டி, இங்கே வானொலிக்குச் சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயமுறுத்துவதும் உண்டு. 2015 ஜூன் 27-ஆம் தேதி ஆம்பூரில் நடந்த கலவரம் எங்களுக்கு மறக்கவில்லை. ஆனால் அது தடை அமலில் இருந்தபோதே நடந்தது. தடை அதைத் தடுக்கவில்லை. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய் கைபேசிக்குக் கைபேசி தாவிப் பரவியபோது குடியாத்தம் பக்கத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சில நாட்களுக்குள், மே 9-ஆம் தேதி, போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு முதிய பெண்மணி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். அந்நாட்களில் அந்தக் கிராமங்களுக்குள் போய், காவல் நிலையத்தில் விசாரித்து, பள்ளிக்கூடத்தில் விசாரித்து, "இங்கே எந்தக் குழந்தையும் காணாமற் போகவில்லை" என்று அவ்வூர்ப் பேச்சிலேயே மணிக்கொரு தடவை சொல்லக்கூடிய உள்ளூர்ச் செய்தியாளன் ஒருவனுக்கு நம் விதிகளில் இடம் இல்லை. ஆளே தெரியாத ஒருவன் அனுப்பும் பொய்க்கு ராஜபாட்டை. பெயரும் விலாசமும் உரிமமும் உள்ள நிலையத்தின் மெய்க்கு மட்டும் தடைக் கல். வதந்தியின் தாய் அறியாமை என்றால், செய்தித் தடை அதன் செவிலி.

இது இன்றைய கைபேசியால் மட்டும் நேர்ந்த விபரீதமும் அன்று. 1984 அக்டோபர் 31 காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டபோது, அவர் இறந்த செய்தியைப் பி.பி.சி. உலகுக்கு அறிவித்த பிறகும், நம் வானொலி மாலை வரை மௌனம் சாதித்தது. அமைதியைக் காக்கவென்று மேற்கொண்ட அந்த மௌனம், அடுத்த நாட்களில் டெல்லியில் நடந்த படுகொலைகளில் ஓர் உயிரையேனும் காப்பாற்றியதாக எவரும் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பாரின் மிக வலிய உதாரணம் ருவாண்டா. 1994-இல் அந்நாட்டில் நடந்த இனப் படுகொலையை ஒரு தனியார் வானொலி தூண்டியது உண்மை. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்நிலையம் எவருடையது? அதிகாரத்தில் இருந்தவர்களின் சுற்றத்தார் ஆதரவோடு 1993-இல் தொடங்கப்பட்டது. ஆட்சியாளரின் குரலை மற்றக் குரல்களுக்கு மேலே எழுப்புவதற்காகவே தோன்றியது. 2003-இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்த வானொலியை நடத்தியவர்களைத் தண்டித்தபோது, உடன் தண்டிக்கப்பட்டவர் ஒரு பத்திரிகையின் ஆசிரியர். அதைக் கண்டு இந்தியாவில் பத்திரிகைகளுக்குச் செய்தி வெளியிடத் தடை விதிக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் பதிவு பெற்றிருக்கும் நாடு இது. தினத்தந்தி நிறுவனத்தார் ஒரு செய்தியைத் தாளில் அச்சிடலாம். தந்தி தொலைக்காட்சியில் காட்டலாம். தம்முடைய ஹலோ பண்பலையில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சன் குழுமத்தார் தினகரனில் எழுதலாம், சன் நியூஸில் முழங்கலாம், சூரியன் பண்பலையில் மட்டும் வாய் திறக்கலாகாது. அதே செய்தி, அதே முதலாளி, அதே ஊர். காகிதத்தில் இருக்கும்போது நாட்டுக்குக் கேடு செய்யாத சொல், காற்றில் ஏறிய கணத்தில் எப்படி விஷமாகும்?

அத்தனை நிலையங்களையும் கண்காணிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்திலேயே சர்க்கார் தரப்பு வாதித்தது. 'காமன் காஸ்' என்னும் பொதுநல ஸ்தாபனம் 2013-இல் தொடுத்த வழக்கில் எழுந்த வாதம் இது. ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனை இப்போதே கூறுகிறது. உரிமம் பெற்றவர் யார், கட்டடம் எங்கே, ஒலிபரப்புக் கோபுரம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் சர்க்காரின் கோப்பில் இருக்கின்றன. தவறான செய்தி சொன்னால் அவதூறுச் சட்டம் இருக்கிறது. பகைமையைத் தூண்டினால் குற்றவியல் சட்டம் இருக்கிறது. குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் அதிகாரம் கையில் இருக்க, குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரில் எல்லாரையும் முன்கூட்டியே ஊமையாக்குவது குடியரசின் முறை அன்று. 1995 பிப்ரவரி 9-இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்தச் சொத்தை அதன் உரிமையாளர்கள் பாட்டுக்கு மட்டுமே அனுபவிக்கலாம் என்ற பாகப்பிரிவினையை எந்த நீதிமன்றமும் செய்யவில்லை.

அண்டை நாடுகளைப் பார்ப்போம். நேபாளத்தில் 1997-இல் தொடங்கிய ரேடியோ சகர்மாதாவின் வழியில் மலைக் கிராமங்களிலெல்லாம் சிறு வானொலிகள் தோன்றிச் செய்தி சொல்லலாயின. 2005 பிப்ரவரியில் அரசர் ஞானேந்திரர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது, முதலில் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று பண்பலை நிலையங்கள் செய்தி வாசித்தல் ஆகாது என்பது. நேபாள மக்கள் அதைச் சர்வாதிகாரத்தின் அடையாளமாகக் கண்டு எதிர்த்தார்கள். அங்கே அரசர் அவசர காலத்தில் செய்ததை நம் குடியரசு சாதாரண காலத்தின் நிரந்தர விதியாக வைத்திருக்கிறது. இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கப்பட்ட சக்தி, சூரியன் ஆகிய தனியார் தமிழ் வானொலிகள் செய்தி சொல்லித்தான் வந்திருக்கின்றன. அந்நாட்டில் செய்தியாளர்கள் கொடிய விலை கொடுத்தார்கள் என்பதையும் மறக்கவில்லை, பி.பி.சி. தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19-இல் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஊரில் இருந்துகொண்டே ஊரைப் பற்றிச் சொல்லும் ஒரு குரல், துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு எவ்வளவு அச்சம் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அகில இந்திய வானொலி போதாதா என்பாருக்கு ஒரு வார்த்தை. அந்த ஸ்தாபனத்தின்மேல் எனக்கு உள்ள மதிப்பு பெரிது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கிய அதன் நிலையங்கள் தமிழ் மக்களின் செவியைப் பண்படுத்தின. அறுபதுகளில் தஞ்சை உழவர்கள், திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டினார்கள். வானொலி சொன்னதை நம்பி விதையையே மாற்றிய ஜனங்கள் அவர்கள். அத்தகைய நம்பிக்கையைப் பெற்ற சாதனம், நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்சியாளரின் ஊதுகுழலாக ஆக்கப்பட்டது. அந்த அநுபவத்தின் விளைவாகவே வர்கீஸ் குழு 1978-இல் அதற்குத் தன்னாட்சி வேண்டும் என்று சிபாரிசு செய்தது. தன்னாட்சிச் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டு 1997-இல்தான் அமலுக்கு வந்தது. அப்படியே அது பூரண சுதந்திரம் பெற்றுவிட்டாலும், டெல்லிச் செய்தியும் மாநிலச் செய்தியும் தத்தம் எல்லைக்கு உட்பட்டவை. மேல்விஷாரத்தின் ஒரு தெருவில் சாக்கடை கலந்த குடிநீர் வருவதை மாநிலச் செய்தியறிக்கை சொல்லும் என்று எதிர்பார்ப்பது அதன்மேல் தாங்காத சுமையை ஏற்றுவதாகும்.

இதுவரை மறுத்தவை எளிதில் மறுக்கத் தக்கவை. மறுப்பதற்கு அரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொல்பவர்கள் அதிகாரிகள் அல்லர், எங்கள் ஊர் நண்பர்களே. உள்ளூர் வானொலிக்கு விளம்பரம் தருவோர் உள்ளூர்த் தொழிலதிபர்களும் வியாபாரிகளுமாகவே இருப்பார்கள். ஆதலால் தோல் கழிவைப் பற்றி அந்த வானொலி வாயே திறக்காது, திறந்தாலும் அவர்களைப் புகழவே திறக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அது மட்டுமன்று, எங்கள் வட்டாரத்தில் கேடும் பிழைப்பும் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கின்றன. தகப்பனாரின் கிணறு உப்பாகிப் போனதும் தோல் தொழிலாலேதான். மகள் மாதந்தோறும் சம்பளம் கொண்டு வருவதும் அதே தொழிலாலேதான். அந்த வீட்டில் "ஆலையை மூடு" என்பதும் "ஆலையைத் தொடாதே" என்பதும் அரைகுறையான பேச்சு. சென்னையிலிருந்து வருகிற செய்தியாளருக்கு இந்த இருதலைச் சங்கடம் பிடிபடுவதில்லை. ஒரு நாள் அந்நியச் செலாவணியின் பெருமை, மற்றொரு நாள் மாசின் சிறுமை என்று தனித்தனியே காட்டிவிட்டுப் போகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். அவரைச் செல்வர்கள் விலைக்கு வாங்கிவிடக்கூடும் என்பதற்காக அவரைப் பேசவே விடாதிருப்பது, விலை கொடுக்கவும் அவசியமின்றி அச்செல்வர்களுக்கு மௌனத்தை இனாமாக வழங்குவதே ஆகும். விளம்பரத்தை மட்டும் நம்பாமல், சங்கங்களும் கல்வி நிலையங்களும் மகளிர் குழுக்களும் நடத்தும் சமுதாய வானொலிகளுக்கு முதலில் செய்தி உரிமை தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான். ஒரு பேட்டையில் இரண்டு குரல்கள் இருந்தால் ஒன்று விலைபோனாலும் மற்றொன்று காட்டிக் கொடுக்கும். இப்போது விலைபோவதற்குக்கூட ஒரு குரல் இல்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில், தனியார் பண்பலை நிலையங்கள் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் செய்தி வாசிக்க அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. பத்து நிமிடம் போதும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நேற்று வெளியேறிய நீரின் சோதனை அளவு என்ன, அதை எடுத்தவர் யார். உச்ச நீதிமன்றம் தரச் சொன்ன இழப்பீடு எந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது, எங்கே வரவில்லை. மேல்தோல் தைக்கும் ஜோடிக்கு எந்த ஏஜெண்டு என்ன கூலி தருகிறார். வருங்கால வைப்பு நிதி பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்ட கம்பெனி எது. அரசு மருத்துவமனையில் எந்த மருந்து தீர்ந்துபோயிற்று. மலையில் பெய்த மழைக்குப் பாலாற்றில் எத்தனை மணிக்கு வெள்ளம் வரும். எந்தத் தெருவில் எந்தப் பொய் பரவுகிறது, அதன் மெய் என்ன என்பவை அனைத்தையும் ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ இருக்கும் ஒரு சிறு நிலையம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும். சொன்னது தவறென்றால் சம்பந்தப்பட்டவர் மறுநாள் அதே நேரத்தில் வந்து தம் பதிலைச் சொல்லலாம் என்பதையும், உள்ளூர் நிர்வாகம் கொடுத்ததை மட்டுமே சொல்லலாம் என்னும் நிபந்தனை நீங்குகிறது என்பதையும் சேர்த்து விதியைத் திருத்தி எழுத மத்திய சர்க்காருக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. கொள்கை அறிவிப்பு ஒன்றே போதும்.